உப்புப் பார்த்த நாள்

நவ்வாராவைப் பற்றி அஸ்யூத் நகரத்து டாக்டர்களைக் கேட்டால் கெட்டிக்காரி என்பார்கள். அவள் குடியிருக்கும் வீட்டில் கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கண் படாமலிருக்கக் கழுத்தில் கட்டிய நீல மணியைத் தொட்டுக்கொள்வார்கள். இரண்டும் உண்மைதான். அவள் வேலையில் கெட்டிக்காரி, மனசில் பொறாமைக்காரி. இதை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாலும் மறுக்க மாட்டாள், அந்த ஒரு நேர்மை அவளிடம் உண்டு.

ரயில் நிலையத்துக்குப் பின்னால், செருப்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற சோதனைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக அவளுக்கு வேலை. ஊரில் உள்ள டாக்டர்கள் மனித உடம்பிலிருந்து வெட்டி எடுக்கிற துண்டுகள் சின்னச் சின்ன டப்பாவில் அவளிடம் வரும். அதை மருந்தில் ஊறவைத்து, மெழுகுக்குள் புதைத்து, கட்டியானதும் எந்திரத்தில் சீவுவாள். தலைமுடியைவிட மெல்லிசாக வருகிற அந்தச் சீவலை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டின் மேல் அள்ளி, சாயம் ஏற்றி, டாக்டர் இன்ஸாஃபின் மேஜையில் கொண்டுபோய் வைப்பாள். டாக்டரம்மாவுக்குக் கண் பழுது வந்த பிறகு, எண்ண வேண்டியதை முதலில் நவ்வாராவே எண்ணிவிடுவாள். டாக்டரம்மா சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

அவள் கணவன் அப்துல் ஆல் ரயில்வேயில் குமாஸ்தா. சாது. இருபத்திரண்டு வயதில் அவனைக் கட்டிக்கொண்டு வந்தாள். மூன்று முறை வயிற்றில் தரித்தது. மூன்று முறையும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு தரிக்கவுமில்லை. அப்துல் ஆல் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வீடு அடுக்கு வீடு. கீழே மாமனார் மாமியாரும் பொதுச் சமையலறையும், முதல் மாடியில் நவ்வாரா, இரண்டாம் மாடியில் கொழுந்தன் கினாவி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கினாவி பக்கத்து ஊரான அபூ தீஜிலிருந்து ஸப்ரீனைக் கட்டிக்கொண்டு வந்தான். ஓரகத்தி வந்து இறங்கிய அன்றே நவ்வாராவுக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. அழகி என்பதால் அல்ல. கவலையில்லாமல் சிரித்தாள், அதுதான். படிக்கட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சிரிப்பாள். கல்யாணம் ஆகி பத்தாம் மாதம் பெண் குழந்தை பெற்றாள், ஷஹத் என்று பேர் வைத்தார்கள். நவ்வாரா பத்து மாதத்தையும் விரல் விட்டு எண்ணியிருந்தாள்.

பிரசவம் ஆன நாற்பது நாளைக்குள் பிள்ளை பெற்றவள் அறைக்குள் யார் நுழையலாம், யார் நுழையக் கூடாது என்று அங்கே கணக்கு உண்டு. புதிதாகச் சவரம் செய்துகொண்டவன் நுழையக் கூடாது, பிணத்தை அடக்கிவிட்டுக் கபரஸ்தானிலிருந்து நேராக வருகிறவன் நுழையக் கூடாது, கையில் பச்சை மாமிசம் கொண்டுவருகிறவனும் கூடாது. நுழைந்தால் பால் வற்றும், கருப்பை அடைத்துக்கொள்ளும் என்பார்கள். நெய்யும் வாதுமையும் போட்டுக் காய்ச்சிய சூடான முகாத் ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு நவ்வாரா மேலே ஏறிப் போனபோது, ஸப்ரீனின் தாய் வாசலை மறித்து நின்றாள்.

"கோவிச்சுக்காதே மகளே. நீ வேலையில மனுஷ மாமிசம்ல வெட்டுறே. ஆட்டு மாமிசத்துக்கே இங்க அனுமதி இல்ல."

"கை கழுவிட்டுத்தான் வந்திருக்கேன்."

"கழுவினா போற சமாச்சாரமா இது? நாப்பது நாள்தானே, பொறுத்துக்க."

உள்ளே கட்டிலில் ஸப்ரீன் படுத்திருப்பது கதவிடுக்கில் தெரிந்தது. உள்ளே வரச்சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நவ்வாரா பாதிப் படியில் உட்கார்ந்து அந்த முகாத் முழுவதையும் தானே குடித்தாள். வயிறு இரண்டு நாள் கடமுடா என்றது. மனசு இன்றுவரை சரியாகவில்லை.

அதன் பிறகு ஸப்ரீனுக்கு இரண்டு முறை தரித்து, இரண்டு முறையும் கலைந்தது. முதல் முறை கலைந்தபோது வீட்டில் எல்லோரும் அழுதார்கள், நவ்வாராவும் அழுதாள். அழுதுகொண்டே உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதை அவள் கவனித்தாள். இரண்டாம் முறை அழக்கூட வரவில்லை. வெங்காயம் உரித்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டர் இன்ஸாஃப் ஒரு புதுச் சாயம் வரவழைத்தார். கருப்பையின் உட்சுவரில் ஒருவகைச் செல்கள் உண்டு. அவற்றை மட்டும் தேடிப்பிடித்துக் காப்பிக்கொட்டை நிறமாக்கும் சாயம் அது. பிள்ளை தங்காத பெண்களுக்கு இந்தச் செல்களை எண்ணிப் பார்ப்பது அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. செல்களின் பேர் என்ன என்று நவ்வாரா கேட்டாள்.

"இயற்கைக் கொலையாளி."

"கர்ப்பப்பைக்குள்ளேயா டாக்டரம்மா?"

"பேரு வச்சவங்க ரத்தத்துல பார்த்து வச்சுட்டாங்க. ரத்தத்துல ஓடுறது நோய்க்கிருமி புகுந்த செல்லைக் கொல்லும். இங்க இருக்கிறது அதோட பங்காளி, சுபாவம் வேற. மாசாமாசம் விலக்குக்கு முந்தின வாரத்துல கூட்டமா வந்து சேரும். கரு வந்து ஒட்டினா, அதுக்கு ரத்தம் வர்ற பாதையை அகலப்படுத்திக் குடுக்கும். கரு வரலேன்னா கலைஞ்சு போயிடும். கொலையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்கு எண்ணச் சொல்லி அனுப்புறாங்க?"

"கொலையாளின்னு காகிதத்துல இருந்தா மருந்து எழுதச் சௌகரியம்" என்றார் டாக்டரம்மா. அவர் வாய் அப்படித்தான்.

சாயம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, அந்தச் செல்கள் நிச்சயம் இருக்கிற ஒரு துண்டை ஒவ்வொரு கண்ணாடியிலும் ஓரத்தில் வைத்தாக வேண்டும். கண்ட்ரோல் என்பார்கள். இளம் கர்ப்பத்தின் உட்சுவர்தான் அதற்கு வாகானது, அதில் இந்தச் செல்கள் மொய்த்துக் கிடக்கும். பழைய மெழுகுக் கட்டிகள் இருக்கிற அலமாரியில் ஒன்றைத் தேடி எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. நவ்வாரா போய் ஒன்றை எடுத்து வந்தாள். அதன் மேலிருந்த எண் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய மூன்றாவது கர்ப்பம் கலைந்து சுரண்டி எடுத்தபோது வந்த துண்டு அது. அன்றைக்கு மெழுகில் புதைத்தவளும் அவள்தான்.

யாருக்கும் சொல்லவில்லை. சாயம் ஏற்றிப் பார்த்தபோது காப்பி நிறத்தில் நூற்றுக்கணக்கில், ரத்தக்குழாய்களைச் சுற்றிச் சுற்றி நின்றன. கடைசிவரை பாதை போட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. அன்று அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். என் கருப்பை சும்மா இருக்கவில்லை என்று தெரிந்த அழுகை அது. அதற்குப் பிறகு அஸ்யூத்துப் பெண்கள் எல்லோருடைய துண்டும் அவள் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கப்பட்டது.

இனி உப்புப் பார்த்த ரமலானுக்கு வருவோம்.

நோன்பு மாதத்தில் மூன்று வீட்டுக்கும் கீழேதான் சமையல். எல்லோரும் நோன்பில் இருக்கும்போது குழம்பில் உப்பு யார் பார்ப்பது? விலக்காகி நோன்பு விட்டவள் பார்ப்பாள். யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கரண்டியை நாக்கில் வைப்பாள், மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். பதினாலாம் நோன்பன்று முலுகியாக் கீரைக்குழம்பு கொதிக்கும்போது ஸப்ரீன் அப்படித் திரும்பி நின்றாள். நவ்வாரா ஜன்னலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தாள். பத்தொன்பதாம் நோன்புவரை குழம்பு அமிர்தமாக இருந்தது. இருபதாம் நோன்பன்று வெண்டைக்காய்க் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு உப்பு. முன்னெல்லாம் குழந்தை ஷஹத்தாவது நாக்கை நீட்டுவாள். அந்த வருஷம் அவளும் முழு நோன்பு பிடிப்பேன் என்று அடம். மாமனார் ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். ஆக, ஸப்ரீனுக்குப் பதினாலில் வந்து பத்தொன்பதோடு போயிற்று. கேட்காமலே நவ்வாராவின் மண்டையில் அது பதிந்துகொண்டது. மற்றவளின் நாளை எண்ணுவது ஒன்பது வருஷத்துப் பழக்கம்.

பெருநாள் தொடங்கி ஒன்பதாம் நாள் ஒரு டப்பா வந்தது. கருப்பை உட்சுவர், கொலையாளிச் செல் எண்ண வேண்டியது. சீட்டில் ஸப்ரீனின் பேர். முந்தின நாள் எடுத்தது. கடைசி விலக்கு: ரமலான் பதினெட்டு. ஆகவே எடுத்த அன்று இருபத்தொன்றாம் நாள்.

நவ்வாரா சீட்டை இரண்டு முறை படித்தாள். அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சீட்டு நவ்வாரா கைக்குத்தான் வரும் என்று தெரிந்து ஸப்ரீன் நாலு நாள் தள்ளிச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை தங்கக்கூடிய நாள் இவள் கண்ணுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்! அடி ஆத்தாடி, எத்தனை சாமர்த்தியம்!

சீவினாள். அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் வழக்கம்போலத் தன் துண்டை வைத்தாள். சாயம் ஏற்றினாள். எண்ணினாள். நூற்றுக்குப் பதினாறு.

இருபத்தொன்றாம் நாளுக்கு அந்தக் கூடத்தின் வரம்பு நூற்றுக்கு ஐந்து. இருபத்தைந்தாம் நாளுக்குப் பதினாறு என்பது ஒன்றுமே இல்லை; அந்த நாளில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் கூட்டம் சேரும். ஆனால் சீட்டில் இருப்பது இருபத்தொன்று. அனுப்பிய டாக்டர் பதினாறைப் பார்த்தால் என்ன செய்வார் என்பதும் அவளுக்குத் தெரியும். மாதக்கணக்கில் முகம் பூசணிக்காயாக வீங்குகிற மாத்திரை. வீட்டுக்குத் தெரிந்தால் அதைவிட மோசம். கினாவிக்கு இரண்டாந்தாரமாக அத்தை மகளைப் பேசலாமா என்று மாமியார் ஏற்கெனவே இரண்டு முறை காற்றில் விட்டுப் பார்த்திருக்கிறாள். கருப்பையில் கொலையாளி என்று ஒரு காகிதம் வந்தால் போதும், அடுத்த வாரமே பெண் பார்க்கக் கிளம்பிவிடுவாள்.

நவ்வாரா பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எண்ணியதை எண்ணியபடி எழுதினால் போதும். ஒன்பது வருஷமாக எத்தனையோ கெட்ட ஆசைகளை நெஞ்சுக்குள் ஊறப்போட்டு வைத்திருந்தாள். அதில் ஒன்றாவது நேர்மையான வேலையாகக் கைக்கு வரும் என்று நினைக்கவே இல்லை. பதினாறு என்று எழுதினாள். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து குடித்த முகாத்தின் ருசி நாக்கில் வந்து போனது.

பிறகு, சாயம் சரியா என்று பார்க்கக் கண்ணாடியை நகர்த்தித் தன் துண்டுக்குப் போனாள். அதே காப்பி நிறம். அதே கூட்டம். இன்னும் அதிகமாகவே. மறுபடி ஸப்ரீனுடையதற்கு வந்தாள். மறுபடி தன்னுடையதற்குப் போனாள்.

இவளுடையதைக் கொலை என்று எழுதினால் என்னுடையதும் கொலை என்றுதானே ஆகும்?

நல்ல மனசு வந்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வரவில்லை. தன் துண்டின் மேல் பழி விழுவதை அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரம்மாவிடம் போனாள். "இந்தச் சீட்டுல தேதி தப்பு."

"எனக்கும் சந்தேகம்தான். சுவரைப் பார்த்தா நாள் முத்தின மாதிரி இருக்கு. ஆனா துண்டு சின்னது, பாதி சிதைஞ்சிருக்கு. சத்தியம் பண்ண முடியாது. உனக்கெப்படித் தெரியும்?"

"என் ஓரகத்தி. உப்புப் பார்த்தா."

டாக்டர் இன்ஸாஃபும் அந்த ஊர்க்காரிதான். மேலே கேட்கவில்லை. "நீ சொல்லி நான் தேதி மாத்த முடியாது நவ்வாரா. அவளே சொல்லணும். வியாழக்கிழமை அறிக்கை போயாகணும்."

அன்று புதன். சாயங்காலம் ஸப்ரீன் தனியாகச் சமையலறையில் திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நவ்வாரா கைப்பையைக்கூட வைக்கவில்லை.

"உனக்குப் பதினாலாம் நோன்பன்னைக்கு வந்துச்சு. பதினெட்டுன்னு எழுதிக் குடுத்திருக்கே."

ஸப்ரீனின் கையில் இலை அப்படியே நின்றது. "யாரு சொன்னா?"

"முலுகியா சொன்னுச்சு. திரும்பி நின்னு உப்புப் பார்த்தியே. இருபதாம் நோன்பன்னைக்கு வெண்டைக்காய் வாயில வைக்க முடியல, ஏன்னா நீ அன்னைக்கு நோன்பு. பதினெட்டுல விலக்கானவ இருபதுல எப்படிடி நோன்பு பிடிப்பே?"

"யா அல்லாஹ்! என் நாளைக்கூட விடலையா நீங்க? என் துணி காயுறதையும் எண்ணுவீங்களா அக்கா?"

"எண்ணுவேன்."

"அம்மா சொன்னது சரியாப்போச்சு. அவ கண்ணு பட்டா உனக்கு எதுவும் நிக்காதுன்னு சொன்னாங்க. அதான் மாத்திச் சொன்னேன். தப்பா?"

"உங்கம்மா சொன்னது சரிதான்டி. உனக்கு ரெண்டு தடவை கலைஞ்சப்பவும் எனக்கு உள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. ஒன்பது வருஷமா உன்னைப் பார்த்து எரியுறேன். போதுமா? ஆனா கண்ணு பட்டுக் கலையல. கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தா நான் உன் சிரிப்பை எப்பவோ நிறுத்தியிருப்பேன்."

ஸப்ரீன் இலையை நழுவவிட்டாள். அரிசி தரையில் சிதறியது.

நவ்வாரா பதினாறையும் ஐந்தையும் சொன்னாள். நாலு நாளால் என்ன ஆகும் என்று சொன்னாள். மாத்திரையைச் சொன்னாள். அத்தை மகளைச் சொல்லவில்லை. அது ஸப்ரீனுக்கே தெரியும் என்பது அவள் முகம் வெளுத்ததில் தெரிந்தது.

"சொல்லாம விட்டிருக்கலாமே" என்றாள் ஸப்ரீன். "உங்களுக்கு இதுல என்ன வந்துச்சு?"

"உன் துண்டுக்குப் பக்கத்துல என் துண்டு இருக்கு. அதே கண்ணாடியில. எல்லாத்துக்கும் அதைத்தான் கண்ட்ரோலா வைப்பேன். என் மூணாவது."

ஸப்ரீனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "அந்தப் பிள்ளையா?"

"பிள்ளை இல்ல. பிள்ளை படுத்திருந்த இடம்."

ஸப்ரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தாள். நவ்வாராவுக்கு அந்த இரக்கம் பொறுக்கவில்லை. "அழாதே. காலையில கூடத்துக்குப் போன் பண்ணு, நோன்புக் குழப்பத்துல தேதி மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லு. டாக்டரம்மா எடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

ஸப்ரீன் போன் செய்தாள். அறிக்கையில் ‘நாளுக்கு ஏற்ற அளவு’ என்று போயிற்று. மாத்திரை எழுதப்படவில்லை. அத்தை மகளின் பேச்சு அடுத்த ரமலான்வரை எழவில்லை.

எழாததற்கு வேறு காரணமும் இருந்தது. அந்த ரமலானுக்கு மூன்று மாதம் முன்னால் ஒருநாள் மத்தியானம் ஸப்ரீன் முதல் மாடிக் கதவைத் தட்டினாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவை அவள் தட்டியது அதுதான் முதல் தடவை. உள்ளே வந்து உட்காரவில்லை.

"ரெண்டு மாசம். அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லல. உங்ககிட்டத்தான் முதல்ல." கையில் ஒரு சீட்டு இருந்தது, அதில் கடைசி விலக்கின் தேதி எழுதியிருந்தது, சரியான தேதி. "நீங்க எப்படியும் எண்ணத்தானே போறீங்க அக்கா. தப்பில்லாம எண்ணுங்க." பிறகு, நின்று, "பிறந்தா அறைக்குள்ள வாங்க. அம்மா மறிச்சா நான் சத்தம் போடுறேன்."

நவ்வாரா சீட்டை வாங்கிக்கொண்டாள். மாஷா அல்லாஹ் என்றாள். கதவைச் சாத்திவிட்டு, அதில் முதுகை வைத்து நின்றாள். சந்தோஷமா என்று கேட்டால் கொஞ்சம் உண்டு. எரிச்சலா என்று கேட்டால் பழையதில் ஒரு துளி குறையவில்லை. இத்தனை செய்தும் குறையாததை நினைத்துத்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ரமலான் வந்தபோது ஸப்ரீனுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்கு நோன்பு கட்டாயமில்லை. தினமும் அவள்தான் அடுப்படியில் நின்று, இப்போது யாருக்கும் முதுகு காட்டாமல், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கரண்டியை நாக்கில் வைத்து உப்புப் பார்த்தாள். முப்பது நாளில் ஒரு நாள்கூட உப்புத் தப்பவில்லை. மாமனார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்துல் ஆல் விரலைச் சூப்பினான். நவ்வாராவுக்குத்தான் ஒரு கவளம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.